உறங்கும் கிருமியும் உறங்காத மனச்சான்றும்

நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், பள்ளி ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தொன்று. தவக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு நாள், அவருடைய இடப்பக்க விலாவில் நெருப்புத் துண்டை வைத்தாற்போல் எரிச்சல் கண்டது. மாரடைப்போ என்று அஞ்சி, வீட்டார் மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு ஓடினார்கள். இதயத்தில் குறையேதும் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள், எரிந்த இடத்தில் செந்நிறத் தடிப்பும் அதன்மேல் முத்து முத்தாய் நீர்க்கொப்புளங்களும் தோன்றின. முதுகெலும்பில் புறப்பட்டு விலாவைச் சுற்றி வந்த அவை, மார்பின் நடுவில் கோடு கிழித்தாற்போல் நின்றுவிட்டன. வலப்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. அண்டை வீட்டு அம்மையார் பார்த்தவுடனே, "இது அக்கியல்லவா? குயவர் வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். செங்காவியைக் குழைத்து அக்கி எழுதும் வழக்கம் நம் ஊர்ப்புறங்களில் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

அவர் குயவரிடமும் போனார், மருத்துவரிடமும் போனார். இரண்டு வாரங்கள் கழிந்தன. அவருக்கு அருகில் படுத்துறங்கும் ஏழு வயதுப் பேரனுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் உடலெங்கும் சின்னம்மை. தெருவில் எவருக்கும் அம்மை இல்லை, பள்ளியிலும் இல்லை, பிறகு எங்கிருந்து வந்தது என்று வீட்டார் திகைத்தார்கள். மருத்துவர்தாம் சொன்னார்: "தாத்தாவிடமிருந்து வந்திருக்கிறது."

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்தபின் பெரியவர் நம்மைத் தனியே அழைத்துக் கேட்டார்: "எனக்கு ஏழு வயதில் அம்மை வந்தது. என் தாயார் புனித செபஸ்தியாருக்கு நேர்ந்துகொண்டு, வேப்பிலை விரித்துப் படுக்க வைத்திருந்தது நினைவிருக்கிறது. தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு அது போய்விட்டதென்று அறுபத்து நான்கு ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அது போகவே இல்லையாம், எனக்குள்ளேயே கிடந்ததாம். இப்பொழுது என் பேரனுக்கு நானே கொடுத்துவிட்டேன். இதற்கு நான் பொறுப்பா, இல்லையா? சொல்லுங்கள்."

"தெரியாமல் நடந்ததற்கு யார் என்ன செய்ய முடியும்?" என்று அப்போதைக்குச் சொல்லி வைத்தோம். அந்த மறுமொழி அவருக்கும் போதவில்லை, நமக்கும் போதவில்லை. அவருடைய கேள்வியைத் தொடர்ந்து சென்றபோது, அது நாம் எதிர்பாராத வேறொரு கேள்வியின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தியது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

அம்மை வேறு, அக்கி வேறு என்றே நம் முன்னோர் பெயரிட்டார்கள். மேலைநாட்டு மருத்துவரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். ஒன்று சிறுவரின் நோய், உடலெங்கும் பரவுவது, தொற்றுவது. மற்றது முதியோரின் நோய், உடலின் ஒரு பக்கத்தில் ஒரு பட்டையாக மட்டும் தோன்றுவது, எவரிடமிருந்தும் தொற்றி வராதது. இரண்டுக்கும் என்ன உறவு? 1892ஆம் ஆண்டில் புடாபெஸ்ட் நகரத்துக் குழந்தை மருத்துவர் யானோஷ் பொக்காய், அக்கி கண்டவர் இருந்த வீடுகளில் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதைக் கவனித்தார். நம் பெரியவரின் வீட்டில் நிகழ்ந்த அதே நிகழ்ச்சிதான்.

1925இல் வியன்னாவில் குந்திராதித்சு என்னும் மருத்துவர் ஒரு படி மேலே சென்றார். அக்கிக் கொப்புளத்து நீரை எடுத்து, அம்மை காணாத குழந்தைகளின் உடலில் ஏற்றிப் பார்த்தார். குழந்தைகளுக்கு அம்மை வந்தது, உறவு மெய்ப்பிக்கப்பட்டது. அக்காலத்தில் இத்தகைய சோதனைகள் அரிதல்ல. இன்று எந்த நெறிக்குழுவும் இதற்கு ஒப்புதல் தராது. முதியவர் நோயைப் பற்றிய இந்த அறிவு குழந்தைகளின் உடல் வழியாக வந்தது என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ளக் கோருகிறோம். பின்னால் அது தேவைப்படும்.

முழு விளக்கத்தைத் தந்தவர் ஆராய்ச்சிக்கூடத்து அறிஞர் அல்லர். ஓர் ஊர் மருத்துவர். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்னும் சிற்றூரில் மருத்துவம் பார்த்த எட்கர் ஹோப்-சிம்சன், தம்மிடம் வந்த ஒவ்வோர் அக்கி நோயாளியையும் 1947 முதல் பதினாறு ஆண்டுகள் குறித்து வைத்தார். ஏறத்தாழ 3,500 பேர் கொண்ட மக்கள் தொகையில் 192 பேர். வடகடலில் ஷெட்லாந்துத் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த யெல் என்னும் சிறு தீவுக்கும் சென்று, ஒதுங்கி வாழும் மக்களிடையே இந்நோய்களின் போக்கை ஆராய்ந்தார். 1965இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: சின்னம்மை குணமாகும்போது கிருமி அழிவதில்லை. தோலிலிருந்து உணர்ச்சி நரம்புகளின் வழியே ஏறி, முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்த் தங்கிவிடுகிறது. உடலின் எதிர்ப்பு ஆற்றல் காவல் இருக்கும்வரை அது உறங்கும்; முதுமையிலோ வேறு காரணத்தாலோ காவல் தளரும்போது விழித்து, தான் ஏறி வந்த அதே நரம்பின் வழியே தோலுக்கு இறங்கும். ஒரு நரம்பு உடலின் ஒரு பக்கத்தில் ஒரு பட்டைக்கு மட்டுமே செல்வதால்தான் அக்கி நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. அவர் ஊகித்தது பின்னர் உறுதியாயிற்று: 1983இல் இறந்தோரின் நரம்பு முடிச்சுகளில் இக்கிருமியின் மரபுப்பொருள் கண்டறியப்பட்டது. 1984இல், ஒரே நோயாளிக்கு முன்பு வந்த அம்மையின் கிருமியும் பின்பு வந்த அக்கியின் கிருமியும் ஒன்றே என்பது மரபுப்பொருளை ஒப்பிட்டு நிறுவப்பட்டது.

உறங்குகிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது எவ்வாறு கிடக்கிறது என்பது வியப்புக்குரியது. விழித்திருக்கும் வைரஸ், தான் புகுந்த உயிரணுவைத் தன் பட்டறையாக்கி, ஆயிரக்கணக்கில் தன்னைப் படி எடுத்து, இறுதியில் அந்த உயிரணுவையே கொன்றுவிடும். நரம்பணுவுக்குள் உறங்கும் வைரசோ எதையும் செய்வதில்லை. தன் மேலுறையைக் களைந்துவிட்டு, மரபிழையை மட்டும் வளையமாகச் சுருட்டிக்கொண்டு, நம் மரபிழைகளைச் சுற்றியிருக்கும் அதே புரதங்களையே போர்த்திக்கொண்டு கிடக்கிறது. காவல் அணுக்கள் கண்டுகொள்ளத்தக்க அடையாளம் ஏறக்குறைய எதையும் வெளியே காட்டுவதில்லை. நரம்பணுக்கள் தோலைப்போல் அடிக்கடி புதிதாவதில்லை. பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் உடன் வருபவை. ஆகவே தங்குவதற்கு இதைவிட நிலையான வீடு வேறில்லை.

இந்தக் குணம் அம்மைக் கிருமிக்கு மட்டும் உரியதன்று. ஹெர்ப்பிஸ் என்னும் பெருங்குடும்பத்தில் மனிதரைத் தம் இருப்பிடமாகக் கொண்ட ஒன்பது வைரஸ்கள் உள்ளன. ஒன்பதுக்கும் இப்பண்பு உண்டு. காய்ச்சல் வந்தாலோ, கடும் வெயிலில் அலைந்தாலோ, மனம் நொந்தாலோ சிலருக்கு உதட்டோரத்தில் கொப்புளம் வருமே, அது இக்குடும்பத்தின் முதல் உறுப்பினர் செய்யும் வேலை. 1971இல் ஜாக் ஸ்டீவன்ஸ், மார்ஜரி குக் என்னும் இருவர், அது நரம்பு முடிச்சில் உறங்குவதை எலிகளில் காட்டினார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல், ஐம்பது வயதுக்கு உட்பட்டோரில் 380 கோடிப் பேர் அதைச் சுமந்துகொண்டிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

இதற்கு மருந்து இல்லையா என்றால், உண்டு. 1988இல் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியன் அம்மையாரின் ஆராய்ச்சிக் குழுவில் உருவான அசைக்ளோவிர், இன்று நம் ஊர் மருந்துக்கடைகளிலும் கிடைக்கிறது. அம்மருந்து வேலை செய்யும் விதம் நுட்பமானது. உடலில் அது வாளாவிருக்கும். விழித்த வைரஸ் உண்டாக்கும் ஒரு நொதிதான் அதைத் தூண்டி, அந்த வைரசுக்கே எதிரியாக்கும். உறங்கும் வைரஸ் அந்த நொதியை உண்டாக்குவதில்லை. ஆகவே மருந்து அதைத் தொடுவதில்லை. விழித்ததை அடக்கலாம், உறங்குவதை அகற்ற இன்றுவரை வழியில்லை.

இவ்விடத்தில் எழுதுகோல் தானாகவே ஒரு பக்கம் இழுக்கிறது. உள்ளே உறங்கும் கிருமி என்றவுடன், உள்ளே உறங்கும் பாவ நாட்டம் என்று ஒரு மறையுரை தயாராகி நிற்கிறது. நாமும் அவ்வாறு இரண்டு பத்திகள் எழுதிப் பார்த்தோம், பிறகு கிழித்துவிட்டோம். அந்த ஒப்புமை எளிது. எளிதாக இருப்பதே அதன் குற்றம். பாவத்திற்கு அறிவும் இசைவும் வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பிலேயே படித்திருக்கிறோம். கிருமி எவரிடமும் இசைவு கேட்டு வருவதில்லை. தாயின் முத்தத்தோடும் வரும், பள்ளிக்கூடத்துப் பெஞ்சிலும் வரும். நோயைப் பாவத்தின் அடையாளமாகக் காணும் பழைய பழக்கத்தை, பிறவிக் குருடரைப் பற்றிக் கேட்ட சீடர்களுக்கு ஆண்டவர் தந்த மறுமொழியே போதுமான அளவு கண்டித்திருக்கிறது. ஆயினும் அப்பழக்கம் நம்மிடம் சாகவில்லை.

சாகவில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. பேசத் தயங்குவதால் அது மேலும் தீங்கு செய்கிறது. இக்குடும்பத்து வைரஸ்களுள் ஒன்று பிறப்புறுப்பில் கொப்புளங்களை உண்டாக்குவது. மணமாகிப் பல ஆண்டுகள் ஒழுங்காக வாழ்ந்த கணவன் மனைவியருள் ஒருவருக்கு அது திடீரென்று தோன்றினால், மற்றவர் மனத்தில் முதலில் எழுவது ஐயம். அதற்கு மேல் ஆராயாமலே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. ஆனால் முதன்முதல் தோன்றிய கொப்புளம் முதன்முதல் தொற்றிய நாளைச் சொல்வதில்லை. பல ஆண்டுகளுக்கு முன், திருமணத்திற்கும் முன், எவ்வித அறிகுறியுமின்றித் தொற்றி உறங்கியது இன்று விழித்திருக்கலாம். அறிகுறியே இல்லாத துணைவரிடமிருந்தும் வந்திருக்கலாம். உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் வகையே இடம் மாறியும் வந்திருக்கலாம். கிருமி தன் தேதியை மறைத்துக்கொள்கிறது. உடல் காட்டும் அடையாளத்தைக் கொண்டு ஒருவரின் கடந்த காலத்தைப் படிக்கப் புகுவோர், பொய்ச்சான்று சொல்லாதிருப்பாயாக என்னும் கட்டளையின் எல்லையில் நிற்கிறார்கள். குடும்ப நல்வாழ்வுப் பயிற்சி வகுப்புகளில் இதை ஒரு மருத்துவரைக் கொண்டு பத்து நிமிடம் சொல்லச் செய்தால் நலம்.

பெரியவரின் கேள்விக்கு வருவோம். அவர் அறியவில்லை, அறிந்திருக்க வேண்டிய வாய்ப்பும் அவருக்கு இல்லை. தவிர்க்க இயலாத அறியாமையால் நிகழ்ந்ததற்குக் குற்றம் இல்லை என்பது அறநெறி நூலோரின் முடிவு. அதில் நமக்கு ஐயமில்லை. இனி அறிந்தவருக்கு மட்டும் ஒரு கடமை உண்டாகிறது. அக்கி கண்டவரின் கொப்புள நீரில் கிருமி இருக்கிறது. அவை காய்ந்து பொருக்குத் தட்டும்வரை துணியால் மூடி வைக்க வேண்டும். அம்மை காணாத சிறுவரையும், அம்மை காணாத கருவுற்ற பெண்களையும், எதிர்ப்பு ஆற்றல் குன்றிய நோயாளரையும் நெருங்காதிருக்க வேண்டும். குறுகிய கடமைதான். இதை அவரிடம் சொன்னோம். அவர் மனம் சற்று ஆறியதாகத் தோன்றியது.

நமக்குத்தான் ஆறவில்லை. ஏனெனில் ஹோப்-சிம்சன் தம் 1965ஆம் ஆண்டுக் கட்டுரையில் இன்னொன்றையும் சொல்லியிருந்தார்.

உறங்கும் கிருமியைக் காக்கும் காவல், ஒரு முறை அமர்த்தியதோடு என்றென்றும் நிற்பதில்லை. அது மெல்ல மெல்லத் தளர்கிறது. ஆனால் அம்மை கண்ட குழந்தையின் அருகில் ஒரு முதியவர் இருக்க நேர்ந்தால், அவருடைய உடல் பழைய பகையை மீண்டும் நினைவு கூர்ந்து காவலை வலுப்படுத்திக்கொள்கிறது என்று அவர் கருதினார். அதாவது, குழந்தைகளின் அம்மை முதியோரின் கிருமியைத் தாலாட்டிக்கொண்டிருக்கிறது. முதியவரின் அக்கியோ புதிய தலைமுறைக் குழந்தைகளுக்கு அம்மையைக் கொண்டு சேர்க்கிறது. தட்டம்மைக்கு இவ்வழி இல்லை. அது தொடர்ந்து நிலைத்திருக்க இலட்சக்கணக்கான மக்கள் வாழும் ஊர் வேண்டும். சின்னஞ்சிறு தீவில் எல்லாரையும் தொட்டுவிட்டு அற்றுப்போகும். சின்னம்மைக்கோ ஒரு சிற்றூரே போதும். பாட்டனாரின் விலாவுக்குள் ஐம்பது ஆண்டு காத்திருந்து, பேரன் பிறந்தபின் வெளியே வரும். நகரங்களே இல்லாத தொன்மைக் காலத்திலிருந்து அது மனிதரோடு வந்திருக்கக்கூடும் என்று அவர் எண்ணியதற்கு இதுவே காரணம்.

பாட்டனாரும் பேரனும் ஒருவருக்கொருவர் அறியாமல் இவ்வாறு கொடுத்தும் வாங்கியும் வந்ததில் அறச்சிக்கல் எதுவும் இல்லை; எவரும் தீர்மானித்துச் செய்யவில்லை. சிக்கல் தடுப்பூசியோடு பிறந்தது. ஜப்பானியரான மிச்சியாக்கி தக்காஹாஷி 1964இல் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, அவருடைய மூன்று வயது மகனுக்குக் கடுமையான அம்மை கண்டது. பிள்ளையின் படுக்கையருகில் விழித்திருந்த அந்தத் தந்தை, நாடு திரும்பிச் சின்னம்மைக்குத் தடுப்பூசி ஒன்றை உருவாக்கினார். 1974இல் அது வெளியுலகுக்குத் தெரியவந்தது. ஓக்கா என்னும் குடும்பப் பெயர் கொண்ட ஒரு சிறுவனின் கொப்புளத்திலிருந்து எடுத்து வலுவிழக்கச் செய்த கிருமிதான் அதன் மூலம். அமெரிக்கா 1995இல் அதைத் தன் குழந்தைகள் அனைவருக்கும் பரிந்துரைத்தது. அதற்கு முன் அங்கே ஆண்டுதோறும் ஏறத்தாழ நாற்பது இலட்சம் பேருக்கு அம்மை கண்டது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தனர். நூறு முதல் நூற்றைம்பது பேர் வரை இறந்தனர்.

பிரித்தானியா அவ்வாறு செய்யவில்லை. பல ஆண்டுகள் ஆராய்ந்தும், 2010இல் அதன் தடுப்பூசி ஆலோசனைக் குழு, குழந்தைகள் அனைவருக்கும் இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே முடிவு செய்தது. காரணங்களுள் முதன்மையானது ஹோப்-சிம்சனின் அந்தக் கருத்து: குழந்தைகளிடமிருந்து அம்மையை அகற்றிவிட்டால், நடுவயதினரும் முதியோரும் தம் காவலைப் புதுப்பித்துக்கொள்ளும் வாய்ப்பை இழப்பர்; அதனால் பல பத்தாண்டுகளுக்கு அக்கி பெருகும். வேறு சொற்களில் சொன்னால், முதியோரின் உறக்கம் கலையாதிருக்கக் குழந்தைகள் காய்ச்சலில் கிடக்கட்டும்.

நாம் இதை எழுதுவது போல் அவர்கள் எழுதவில்லை என்பதை நேர்மையோடு சொல்ல வேண்டும். அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். பெரும்பாலான குழந்தைகளுக்கு அம்மை ஒரு வார நோய்; வடுவின்றி ஆறிவிடும். அக்கி அவ்வாறன்று. கொப்புளம் ஆறிய பின்னும், பத்தில் ஒருவருக்கேனும் நரம்புவலி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. சட்டைத் துணி உரசினாலும் தாங்க முடியாத வலி. நம் பெரியவர் இன்றும் இடத்தோளில் துண்டு போடுவதில்லை. இவ்விரண்டையும் தராசில் இட்டுப் பார்த்தவர்களுக்கு, முதியோர் பக்கம் தாழ்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் தராசு சரியானதா என்பதே கேள்வி. ஒரு பக்கத்து மொத்த வலியையும் மறுபக்கத்து மொத்த வலியையும் கூட்டிப் பார்ப்பதில் ஒன்று விடுபட்டுப் போகிறது. நோய் தானாக வந்தபோது, குழந்தை எவருக்கும் கருவியாக இல்லை. தடுக்கும் வழி கையில் இருந்தும், தடுக்காதிருப்பதன் பயன் இன்னொருவருக்கு என்று கணக்கிட்டுக் கைகட்டி நிற்கும்போது, அதே குழந்தையின் அதே காய்ச்சல் வேறொன்றாகிவிடுகிறது. செய்யாது விடுவதும் செயலாவது இவ்விடத்தில்தான். மனிதரை வழியாகக் கொள்ளாமல் முடிவாகக் கொள்ள வேண்டும் என்பதை நம் திருச்சபையும் கற்பிக்கிறது. கடவுளைப் பற்றிப் பேசாத மெய்யியலாரும் கற்பித்திருக்கிறார்கள். இதில் குழந்தைக்கு மேலும் ஒரு குறை உண்டு: அதற்கு வாக்கு இல்லை, அதனிடம் எவரும் கேட்கவில்லை. தாத்தாவுக்காக ஒரு வாரம் அம்மையில் படுத்திருப்பாயா என்று கேட்டால், நம் பெரியவரின் பேரன் ஒருவேளை சரி என்றே சொல்லியிருப்பான். கேட்டுப் பெறும் ஈகையும் கேளாமல் எடுத்துக்கொள்ளும் காப்பும் ஒன்றல்ல.

இதற்கு மறுப்பாக ஒருவர், தடுப்பூசி எல்லாமே ஒருவரைக் கொண்டு மற்றவரைக் காப்பதுதானே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ருபெல்லா ஊசியைச் சிறுவர்களுக்குப் போடுவதே பெரும்பாலும் பிறக்கவிருக்கும் சிசுக்களைக் காப்பதற்காகத்தான். ஆயினும் அங்கே குழந்தைக்கும் காப்புக் கிடைக்கிறது. அதன் காப்பே பிறருக்கும் நிழலாகிறது. இங்கே குழந்தையின் நோயே பிறருக்கு நிழல். நமக்குத் தெரிந்தவரை வேறுபாடு இதுதான், சிறிதல்ல.

பின்னர் நிகழ்ந்ததையும் சொல்லிவிடுகிறோம். அஞ்சியபடி அமெரிக்காவில் அம்மைத் தடுப்பூசியால் அக்கி வெள்ளமெனப் பெருகவில்லை. அங்கே அக்கி கூடிவந்தது உண்மை, ஆனால் அந்த ஏற்றம் தடுப்பூசிக்கு முன்பே தொடங்கியிருந்தது. 2020இல் பிரித்தானிய ஆய்வொன்று, அம்மை கண்ட குழந்தையோடு வாழ்ந்த பெரியவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்திருந்ததைக் காட்டியது. ஹோப்-சிம்சன் தவறவில்லை, ஆனால் எண்ணியிருந்த அளவு பெரிய காப்பும் அன்று. இதற்கிடையே முதியோருக்கென்றே அக்கித் தடுப்பூசிகள் வந்துவிட்டன. 2013 முதல் பிரித்தானியா எழுபது வயதினருக்கு அதை வழங்கத் தொடங்கியது. முதியவரைக் காக்க முதியவருக்கே ஊசி. எவ்வளவு எளிய வழி! 2023 நவம்பரில் ஆலோசனைக் குழு தன் முடிவை மாற்றிக்கொண்டது. 2026 ஜனவரி முதல் குழந்தைகளுக்கு வழங்குவதென 2025 ஆகஸ்டில் அரசு அறிவித்தது.

கத்தோலிக்க வாசகர் ஒருவர் இந்நேரம் வேறொன்றை நினைத்திருப்பார், நினைக்கத்தான் வேண்டும். தக்காஹாஷியின் அம்மைத் தடுப்பூசிக் கிருமியை வளர்க்கப் பயன்படும் உயிரணு வழிகள், 1960களில் கருக்கலைப்புச் செய்யப்பட்ட சிசுக்களின் திசுவிலிருந்து பெறப்பட்டவை. வாழ்வுக்கான பாப்பிறைக் கழகம் 2005இலும் 2017இலும் இதைப் பற்றிப் பேசியது. தகுந்த மாற்று இல்லாதபோது பெற்றோர் தம் பிள்ளைகளின் நலனுக்காக அதைப் பயன்படுத்தலாம், அது பழைய தீமைக்கு உடந்தையாவதன்று என்று தெளிவுபடுத்திய அக்கழகம், மாற்று வழியைக் கேட்டு வற்புறுத்தும் கடமையையும் 2005இல் நினைவூட்டியது. முதியோருக்கு இன்று தரப்படும் புதிய அக்கித் தடுப்பூசிக்கு அத்தகைய உயிரணுக்கள் தேவைப்படவில்லை. குழந்தைகளுக்குரியதில் அந்த நிழல் இன்னும் விலகவில்லை. பயன்படுத்துவோர் குற்றவாளிகள் அல்லர் என்பதில் ஆறுதல் உண்டு. ஆனால் குந்திராதித்சுவின் குழந்தைகள், ஓக்கா வீட்டுச் சிறுவன், பெயரே இடப்படாத அந்தச் சிசுக்கள் என்று எண்ணிச் செல்லும்போது, நம் நலத்தின் கணக்கேட்டில் வரவு எழுதியிருக்கும் கைகள் எவ்வளவு சிறியவை என்று வியப்பதோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

நம் நாட்டில் சின்னம்மைத் தடுப்பூசி அரசின் பொதுத் திட்டத்தில் இல்லை. பணம் உள்ளோர் தனியாரிடம் போட்டுக்கொள்கிறார்கள். அக்கித் தடுப்பூசியும் 2023 முதல் கிடைக்கிறது. விலை கேட்டால் ஓய்வூதியர் திகைப்பார். நம் பெரியவருக்கு அடுத்த ஊரில் ஒன்றேகால் வயதுப் பேத்தி ஒருத்தி இருக்கிறாள். தம் அக்கி ஆறும்வரை அவளைப் பார்க்க அவர் போகவில்லை. மருத்துவர் அவருக்கே ஊசி போட்டுக்கொள்ளப் பரிந்துரைத்தார். அக்கி ஒரு முறை வந்தவருக்கும் அது நல்லதாம். அவர் விலையை விசாரித்துவிட்டு, தம்முடையதை ஒத்திவைத்து, பேத்தியின் அம்மை ஊசிக்குப் பணம் அனுப்பினார். பிரித்தானியக் குழுவின் பெரிய சிக்கலை அவர் தம் வீட்டில் எதிர்ப்பக்கமாகத் தீர்த்துவிட்டார் என்று சொல்லிச் சிரித்தோம்.

அப்போதுதான் ஹோப்-சிம்சனின் இரண்டாம் கருத்தை அவருக்கு எடுத்துச் சொன்னோம். அவர் 1977 முதல் 2012 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர். கோடைதோறும் வகுப்பில் யாருக்காவது அம்மை. அந்த மருத்துவர் சொன்னது சரியென்றால், அவருடைய விலாவில் கிடந்த கிருமியை அத்தனை ஆண்டுகள் எழாமல் பார்த்துக்கொண்டதில் அவருடைய மாணவர்களுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "பொருக்கு உதிராத முகத்தோடு வந்த பையன் ஒருவனை, மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்று திட்டி, நாள் முழுவதும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். மதியம் சத்துணவையும் அங்கேயே கொடுக்கச் சொன்னேன். அவனைத் திருப்பி அனுப்பினால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தாய் வயல்வேலைக்குப் போயிருப்பாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்."

எந்த ஆண்டு என்று கேட்டோம். எண்பத்தொன்பதோ தொண்ணூறோ என்றார். பையனின் பெயர் நினைவுக்கு வரவில்லை. அகர வரிசையில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே கோயில் முற்றத்தைக் கடந்து போனார்.